முகில்வீரன் பத்திரமாக வீடு திரும்பிய கதைகள்

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. இனிமேல் அன்றாடத் தேநீருக்கு ஏலக்காயின் தோலை மட்டும் போடுவது, உள்ளே இருக்கும் விதையைப் பாயசத்துக்கென்று தனியாக எடுத்துவைப்பது என்பதே அது. இதை எட்டுவதற்கு முன் இரு தரப்பிலும் நீண்ட விவாதம் நடந்தது. என் மனைவி விலைவாசியை முன்வைத்தாள். நான் மரபை முன்வைத்தேன். மரபு தோற்றது. தீர்மானம் உடனடியாக அமலுக்கு வந்தது. டப்பாவைத் திறந்து, செய்தித்தாளை விரித்து, காயைக் கொட்டி உரிக்கும் பொறுப்பு தோற்ற தரப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

கொட்டியதும் மணம் எழுந்தது. எழுந்த கணத்தில் என் கை தன் போக்கில் வேலையைத் தொடங்கிவிட்டது. வெடித்த காய் இடது பக்கம், வெளுத்தது கீழே, பச்சையும் பருமனுமாக இருப்பது வலது பக்கம். உரிக்கச் சொன்னால் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்களே என்று மனைவி கேட்டாள். அவள் சென்னைக்காரி. எப்படியும் உரிக்கப்போகிற காயை எதற்குத் தரம் பிரிக்க வேண்டும் என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன், மாப்ளே.

நீ போய்ப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. அடுத்தடுத்த தெருவில் வேலை பார்த்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? எழுபதுகளின் நடுவில் நீ சிலமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போடிக்கு வந்து, ஓர் ஏலக்காய் வியாபாரியின் கிட்டங்கியில் எடை போடும் கணக்குப்பிள்ளையாக இருந்தாய். நான் பக்கத்துத் தெரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரும் பெண்ணின் தகப்பனார் பெயரும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதே அன்றைக்கு என் இலக்கியப் பணி. அதை நான் மிகுந்த கர்வத்தோடு செய்துவந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

உங்கள் கிட்டங்கியை நினைத்தால் முதலில் ஒரு சத்தம்தான் வருகிறது. சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீளமான கூடம். அதில் இரண்டு வரிசையாகப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். உன் மனைவி சரசுவும் அதில் ஒருத்தி. ஒவ்வொருத்தி முன்னும் ஒரு சுளகு. மலையிலிருந்து வந்த உலர்ந்த காயைச் சுளகில் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரல் நுனியால் ஒதுக்குவார்கள். அத்தனை சுளகிலும் காய் உருளும் சத்தம், எங்கோ தொலைவில் மழை பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். வேறு சத்தம் கூடாது. வாய் அசைந்தால் கை நின்றுவிடும் என்பது உன் முதலாளியின் கண்டுபிடிப்பு. ஆனால் கேட்பதை அவர் தடுக்கவில்லை. ஒருவன் பேச, மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வேலை செய்வது அவருக்குப் பிடித்த ஏற்பாடாக இருந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். நாடு முழுவதும் அந்த ஏற்பாடுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஒருவனாக நீ ஆனாய். எடை போடுவதற்கும் எடை போடுவதற்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் செய்தித்தாள் படித்தாய். அப்போதெல்லாம் செய்தித்தாளில் எல்லாமே நன்றாக நடந்துகொண்டிருந்ததால் பெண்கள் சுளகின் மேல் தூங்கி விழுந்தார்கள். அடுத்தபடியாக நீ பஸ் நிலையத்துக் கடையிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிவந்தாய். அட்டையில் நீல மேலங்கியும் முகமூடியும் போட்ட ஒருவன் மேகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தான். முகில்வீரன். மேகம் இருந்தால் அதன் மேல் நடப்பான், ஓடுவான், மலையைத் தூக்குவான். வானம் தெளிந்துவிட்டால் சாதாரண ஆள். இவ்வளவுதான் அவன் கதை. நான் அப்போது ரஷ்ய நாவல்களின் தமிழாக்கங்களில் மூழ்கிக்கிடந்தவன். அட்டையைப் பார்த்துவிட்டு, இதைப் படிப்பதற்குப் பதிலாக வெற்றிலைக் காம்பு கிள்ளலாம் என்று சொன்னேன்.

முதல் நாள் நீ படித்ததை நான் கிட்டங்கி வாசலில் நின்று கேட்டேன். படத்தில் இருப்பவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே உரத்துப் படித்தாய்.

"ஆ! யார் நீ? டமால்! ஐயோ! விடாதே, பிடி! டமால்! டமால்!"

வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். அங்கே வேலை பார்த்தவர்களில் அவள்தான் மூத்தவள். முதலாளிக்கே பயப்படாதவள்.

"அப்பு, டமால்னா என்ன விழுந்துச்சு? ஆளா, அண்டாவா?"

"ஆளுதான் ஆத்தா. படத்துல இருக்கு."

"படம் உன் கையில இருக்கு. எங்க கையில காயில்ல இருக்கு."

அன்றைக்குத்தான் உனக்கு உரைநடை தேவைப்பட்டது. கண்ணும் கையும் வேலையில் இருப்பவர்களுக்குக் காதை மட்டும் கொண்டு எப்படிப் படம் காட்டுவது? டமால் என்ற ஒரே சொல்லுக்கு நீ முக்கால் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாய். யார் எங்கே நின்றார்கள், யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எதில் இடித்தார்கள், விழுந்தவனின் வேட்டி என்ன ஆயிற்று எல்லாம் அதில் இருந்தது. வெளிநாட்டு உளவாளிக்கு வேட்டி ஏது என்று நான் கேட்டேன்.

"விழுந்தா வெக்கப்படணும்ல மாப்ளே. கால்சட்டைக்காரன் விழுந்தா யாரு சிரிப்பா?"

இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத வாதம். நான் சந்திப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இப்படியாக முகில்வீரன் ஒவ்வொரு இதழிலும் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கத்து ஆளாகிக்கொண்டிருந்தான். மூஞ்சியை மூடிக்கொண்டு திரிகிறவன் எப்படி நல்லவனாக இருப்பான் என்று ஒச்சம்மாள் ஆட்சேபித்தபோது, மார்கழிப் பனிக்கு மலையில் எல்லாரும் துண்டால் மூஞ்சியைச் சுற்றிக்கொள்வதில்லையா என்று கேட்டுச் சமாளித்தாய். அவனுக்கு வீடு எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள். படக்கதையில் அவனுக்கு ஒரு ரகசியக் குகைதான் உண்டு. குகையில் யார் சோறு பொங்குவார்கள் என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. மறுநாள் அவனுக்குக் குரங்கணிக்கு மேலே ஓட்டு வீடு ஒன்றும், அதில் கேப்பைக் களி கிண்டிவைத்துக்கொண்டு காத்திருக்கும் தாயார் ஒருத்தியும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்துத்தான் அந்த விபரீதம் நடந்தது. ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் வானம் திடீரென்று தெளிந்து, மேகம் கலைந்து, முகில்வீரன் ஒரு பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கீழே அதலபாதாளம். தொடரும் என்று போட்டிருந்தது. நீ அந்த இடத்தை உன் பாணியில் ஒரு மணி நேரம் படித்தாய். ஒரு விரல் நழுவியது, இன்னொரு விரல் நழுவியது. பெண்கள் யாரும் கையை நிறுத்தவில்லை. அதுதான் வம்பாகிவிட்டது. நிறுத்தியிருந்தால் முதலாளியின் நேரம் மட்டும் போயிருக்கும். அவர்கள் கை அது பாட்டுக்கு ஓடியது, கண் மட்டும் பாறை விளிம்பில் இருந்தது. வெடித்த காயெல்லாம் நல்ல காயோடு போனது, நல்ல காயெல்லாம் கழிவோடு போனது. அந்த மூட்டைகள் அப்படியே ஏலத்துக்குப் போயின. வாங்க வந்தவர்கள் மாதிரியைத் தட்டில் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டு, உன் முதலாளியின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். முப்பது வருடமாகக் காய் விற்றவர் அவர்.

உன்னைக் கூப்பிட்டு விசாரித்ததை நீயே எனக்கு நடித்துக் காட்டினாய்.

"எந்த எடத்துலப்பா கலந்துச்சு?"

"பாறையில தொங்குற எடத்துலங்க மொதலாளி."

"எப்ப மேல ஏறுவான்?"

"அடுத்த புத்தகம் வந்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் என் யாவாரமும் அவன் கூடச் சேந்து தொங்கணுமாக்கும்?"

படிப்பதை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்குமே கதையில் ருசி பிறந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "படி. ஆனா பதறவிடாத. ஆளு பொழைச்சுக்கிட்டான்னு மொதல்லயே சொல்லிட்டு அப்புறமாப் படி."

உலக இலக்கியத்தில் எந்த ஆசிரியருக்கும் எந்தப் பதிப்பாளரும் இப்படி ஒரு கட்டளை இட்டதில்லை என்று நினைக்கிறேன். நீ அதைத் தலைமேல் வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து, பழைய இதழ்களைத் திரும்பப் படித்தபோதுகூட, எல்லாக் கதையும் ஒரே வரியில்தான் தொடங்கியது.

"அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் முகில்வீரன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான்."

அந்த வரியைக் கேட்டதும் கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடும். அதற்குப் பிறகு நீ அவனை எரிமலையில் தள்ளலாம், கடலில் அமிழ்த்தலாம், பீரங்கி வாயில் கட்டலாம். கை தடுமாறாது. வெடித்த காய் வெடித்த காயோடும் நல்ல காய் நல்ல காயோடும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண்களும் விளக்கு வைக்குமுன் வீடு போக வேண்டியவர்கள்தானே.

பாறையில் தொங்கியவனின் அடுத்த இதழ் வரவே இல்லை. நீ கடைக்கு நடையாய் நடந்தாய். "இனிமே வராதுண்ணே, கம்பெனியை மூடிட்டாங்களாம்" என்றார் கடைக்காரர். நீ சாயங்காலம் அச்சகத்துக்கு வந்து, துக்கம் விசாரிக்க வந்தவன்போல் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். நான் ஆறுதல் சொல்லும் முறையில், காகிதப் பஞ்சத்தில் இதைவிட நல்ல பத்திரிகைகளே நின்றுபோயிருக்கின்றன என்றேன்.

"அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு நான் சொல்லிட்டேன் மாப்ளே. எப்படி வந்தான்னு இனி நான்தான் சொல்லணும்."

அப்படித்தான் நீ எழுத ஆரம்பித்தாய். முழுக்க முழுக்க உன் கதைகள். உன் கதைகள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கதைக்கும் கூடத்தில் சட்டசபை நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேசலாம் என்பதால் எல்லா ஆட்சேபங்களும் தூக்குவாளியைத் திறக்கும்போதுதான் வரும். நானும் நடுப்பகலில் தேநீர் குடிக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் ஒச்சம்மாள் அடிப்படையையே அசைத்துவிட்டாள்.

"ஆடி மாசம் மேகம் பூராம் மலை மேலயே நின்னுக்கிருதே. போடிக்கு ஒரு துண்டு எறங்குதா? உன் ஆளு இங்க எப்படி வருவான்?"

நீ ஒரு கவளத்தை மென்று முடிக்கும் வரை யோசித்தாய். "ஜீப்புல வருவான்."

"பறக்குறவன் ஜீப்புல வருவானா?"

"லோடு ஜீப்புல பின்னாடி தொத்திக்கிட்டு வருவான் ஆத்தா. மேகம் இல்லேனா அவனும் நம்மள மாதிரிதானே."

"அப்ப டிரைவரு அவனுக்கு எடம் குடுப்பானா? எம் மகனுக்கே குடுக்க மாட்டான்."

அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழுக்கதை பிறந்தது. உலகத்தைப் பல முறை காப்பாற்றிய வீரன், மேல் தோட்டத்திலிருந்து போடி வரைக்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வரும் கதை. மற்ற கதைகளையும் அவர்கள் சொல்லச் சொல்லத்தான் எழுதினாய். விறகுக்குப் போனவளை யானை மறித்த கதையை ஒருத்தி சொன்னாள். காட்டாற்றில் வெள்ளம் வந்து இரண்டு நாள் அக்கரையிலேயே நின்றுபோன கல்யாணக் கோஷ்டியின் கதை இன்னொருத்தியுடையது. அவர்களுக்கு நடந்தது நடந்தபடியே இருக்கும். முகில்வீரன் மட்டும் கூடுதலாக வந்துபோவான். சரசு மட்டும் எதுவும் சொல்ல மாட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆனால் நீ படிக்கும்போது அவள் சுளகின் சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். நான் கவனித்திருக்கிறேன்.

இவற்றைப் புத்தகமாகப் போடலாம் என்று சொன்னது நான்தான். முகில்வீரன் நமக்குச் சொந்தமானவன் இல்லை என்பதால், மூடப்பட்ட கம்பெனிக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டோம். பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். அரசாங்கமே அப்போது அப்படித்தான் நடந்துகொண்டது. அச்சக உரிமையாளர், கல்யாணப் பத்திரிகைகளில் மிஞ்சிய காகிதத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆகவே முகில்வீரனின் யானைக் கதை ரோஸ் நிறத்திலும் வெள்ளக் கதை மஞ்சள் நிறத்திலும் அச்சாயின.

நாம் இருவரும் உண்மையாகச் சண்டை போட்டது அப்போதுதான். எல்லாக் கதையும் ஒரே வரியில் தொடங்கினால் அது புத்தகமா, பஜனையா என்று கேட்டேன். கிட்டங்கியில் முதலாளியின் கட்டளை இருந்தது, சரி. அச்சில் படிப்பவன் ஏலக்காயா பொறுக்கப்போகிறான்? முடிவை முதல் வரியில் சொல்லிவிட்டால் இரண்டாவது வரியை எவன் படிப்பான்? பிழை திருத்தும் பேனாவால் முதல் கதையின் முதல் வரியை அடித்தேன். நீ அந்தத் தாளை மெதுவாக என் பக்கத்திலிருந்து நகர்த்தி எடுத்துக்கொண்டாய்.

"படிக்கிறவனுக்கு என்ன சோலி கெடக்கோ, நமக்கு என்ன தெரியும் மாப்ளே? பாதியில எந்திரிச்சுப் போற மாதிரி ஆயிருச்சுன்னா, நிம்மதியாப் போகட்டும்."

எனக்கு இப்போதும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அன்று உன் குரலைக் கேட்டு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கரகரவென்று இருந்தது. உமியைக் கையில் வைத்துத் தேய்ப்பதுபோல்.

தொண்டைக் கட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாள் முழுக்கக் கத்திப் படிக்கிறவனுக்குக் கட்டாமல் என்ன செய்யும்? ஒச்சம்மாள் சுக்கும் தேனும் கொண்டுவந்தாள். முதலாளி, ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள் என்று தன் கையால் நல்ல காயாகப் பொறுக்கிக் கொடுத்தார். கதைகள் நீளம் குறைந்தன. உன் குரல் இறங்க இறங்க, பெண்கள் காயைச் சத்தமில்லாமல் உருட்டப் பழகிக்கொண்டார்கள். கடைசி வாரங்களில் நான் வாசலில் நின்றால் மழைச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே யாருமே இல்லையோ என்று எட்டிப் பார்த்தால், எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் உன் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேனி டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரை டாக்டர், ஏன் இவ்வளவு நாள் வராமல் இருந்தீர்கள் என்று கேட்டார். நீ காலை ரயிலில் சரசுவோடு கிளம்பியபோது நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். "வர்றதுக்குள்ள புத்தகத்தை முடிச்சிராத. கடைசிக் கதை ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாய். நான் உன் வாயிலிருந்து கேட்ட கடைசி வாக்கியம் அது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. பெட்டியை மேலே வைத்தாயா, தண்ணீர் எடுத்துக்கொண்டாயா என்று நான் பாட்டுக்கு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உன் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், சத்தம் வரவில்லை. அச்சான தாள்களைக் காட்டுவதற்குக் கொண்டுவந்திருந்தேன். ரோஸ் தாளைப் புரட்டிப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருப்பதாகச் சைகை காட்டினாய். மாப்பிள்ளை முகில்வீரன், பெண் யார் என்று நான் கேட்டேன். நீ பதிலுக்கு ஒச்சம்மாள்போல் முகத்தை வைத்துக்கொண்டாய். நாம் இருவரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

சரசு என்னோடு வராந்தாவுக்கு வந்தாள். நான் அறிந்து அவள் என்னிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"வீட்டுல பேசவே மாட்டாருண்ணே. தொண்டையைக் காப்பாத்தணும், நாளைக்குப் படிக்கணும்பாரு. நானும் சும்மா இருந்துக்குவேன். அவரு பேசி நான் கேட்டதெல்லாம் கிட்டங்கியில கேட்டதுதான். அத்தனை பேரோட சேந்து கேட்டதுதான். இப்ப அதுவும் இல்லேன்னுட்டாங்க."

அவளுக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து கொடுத்தேன், அதுதான் என்னால் முடிந்தது. அவ்வளவு புத்தகம் படித்திருந்தேன்.

நான் கிளம்பும்போது நீ அச்சுத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாய். கடைசிக் கதை என்று மேலே போட்டாய். அதன் கீழே அந்த வரியை எழுதினாய். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் முகில்வீரன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய்.

"மீதி?" என்றேன்.

பென்சிலை மறுபடி எடுத்து, "வீட்டுக்கு வந்து" என்று எழுதினாய்.

சித்திரை மாதம். உன்னைக் கொண்டுவர முதலாளி தன்னுடைய லோடு ஜீப்பையே மதுரைக்கு அனுப்பினார். சரசு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் உன் பக்கத்தில், உன்னைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி காற்றில் விலகாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். தேனியைத் தாண்டியதும் மேற்கே மலை முழுதாகத் தெரிந்தது. உச்சி வரை தெரிந்தது, ஒரு துண்டு மேகம் இல்லை. டிரைவர் வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார். நாங்கள் சிலமலைக்குள் நுழைந்தபோது வீடுகளில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் போடியில் அதிக நாள் இருக்கவில்லை. சென்னைக்கு வந்து, பத்திரிகைகளில் நையாண்டி எழுதிப் பிழைக்கிறேன். மந்திரிகளைக் கிண்டல் செய்கிறேன், அவர்கள் அதைப் படிப்பதில்லை, எல்லாருக்கும் வசதி. எதை எழுத உட்கார்ந்தாலும் முடிவை முதல் வரியில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் அந்த வரியை வெட்டிவிடுகிறார்கள், நானும் ஆட்சேபிப்பதில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், செய்தி எதுவானாலும் சரி, முதலில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் நிதானமாகச் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகப் படுகிறது. வாசலில் நிற்க வைத்தே கேட்கிறேனாம். என் மனைவி அரைமணி நேரம் தாமதமாக வந்தாலும் இதே கூத்துதான். அவள் காரணம் சொல்லத் தொடங்கும்போது, வந்துவிட்டாய் அல்லவா, உட்கார்ந்து சொல் என்கிறேன். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. இன்று காலை, காயை மூன்று குவியலாகப் பிரித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லலாமா என்று தோன்றியது. டமால் என்றால் என்ன விழுந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. உன் பதினாறாம் நாள் கழிந்த பிறகு புத்தகம் பைண்டிங் முடிந்து வந்தது. அச்சக உரிமையாளர், ஒரே ஒரு வரிக்கு ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டாம், கடைசிக் கதையை எடுத்துவிடலாம் என்றார். அவர் சொல்லி நான் கேட்காதது அது ஒன்றுதான். புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். சரசு இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அவளுடைய இடத்தில் சுளகு சுவரோரமாகச் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. உன் நாற்காலியில் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டேன். எதைப் படிக்க என்று கேட்டேன்.

"கடைசியா எழுதுனது எதுவோ அதப் படி தம்பி" என்றாள் ஒச்சம்மாள்.

கடைசி மஞ்சள் பக்கத்தைத் திறந்து அந்த ஒரே வரியைப் படித்தேன். வழக்கம்போல் கூடத்தில் பெருமூச்சு ஓடியது. கைகள் வேகம் பிடித்தன. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ம், அப்புறம்?"

"அவ்வளவுதான் ஆத்தா."

"அவ்வளவுதான்னா? எதுல மாட்டுனான்? எப்படித் தப்பிச்சான்?"

"அது எழுதல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருந்து வந்தான்னு தெரியாம, வந்துட்டான்னு மட்டும் எப்படித் தம்பி நம்புறது?"

நான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி யானைக் கதையைப் படித்தேன். என்னுடையது பிழை திருத்துகிறவன் குரல். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கேட்டிருக்கும், யானை வந்திருக்காது. அந்தக் கதையைச் சொன்னவளே தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள். பாதிப் பக்கத்தில் ஒச்சம்மாள் கையைக் காட்டினாள்.

"போதும் தம்பி. உனக்கும் சோலி கெடக்கும், போ."

ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அடுத்த வாரம் முதலாளி மதுரையிலிருந்து ஒரு ரேடியோ வாங்கிவந்து, உன் நாற்காலியின் மேல் வைத்தார்.